ஆலிவர் ஹெவிசைடு

இலண்டன் மாநகரில் 1850ஆம் ஆண்டு மே திங்கள் 18ஆம் நாள் ஆலிவர் ஹெவிசைடு பிறந்தார். இளமையில் கண்ட செங்காய்ச்சலால் அவருடைய செவிப்புலன் குன்றியது. பதினாறாம் அகவையோடு பள்ளிப்படிப்பு நின்றது. கல்லூரி வாயிலை அவர் மிதித்தாரல்லர். பின்னர் டென்மார்க்கு நாட்டிலும் நியூகாசில் நகரிலும் தந்திப் பணி புரிந்தார். 1874இல் அதனையும் துறந்து, பெற்றோர் இல்லத்தில் ஓர் அறையிற் புகுந்து கணிதமே துணையாக வாழலானார்.

அக்காலத்தில் தந்தித் துறையினரை ஓர் இடர் வாட்டிற்று. நெடுந்தொலைவு செல்லும் கம்பியில் ஒரு முனையில் கூர்மையாக அனுப்பிய குறி, மறுமுனையில் நீரில் விழுந்த மைத்துளி போலப் பரவிக் குழம்பியது. கெல்வின் பெருமகனார் மின்தடை, மின்தேக்கம் என்னும் இரண்டனை மட்டும் கொண்டு இதற்குக் கணக்கு வகுத்திருந்தார். ஹெவிசைடு அவற்றோடு மின்தூண்டலையும் மின்கசிவையும் சேர்த்தார். இந்நான்கும் கம்பியின் ஓரிடத்தில் நில்லாமல், நீளம் முழுவதும் விரவியுள்ளன என்பதே அவர்தம் கணக்கின் உயிர்நிலை.

அக்கணக்கிலிருந்து வியப்பான முடிவொன்று பிறந்தது. தடைக்கும் தூண்டலுக்கும் உள்ள விகிதம், கசிவுக்கும் தேக்கத்துக்கும் உள்ள விகிதத்தோடு ஒத்திருக்குமாயின், குறி மெலியுமேயன்றி உருச்சிதையாது. எனவே, பகையென்று பலரும் அஞ்சிய மின்தூண்டலைக் கம்பியில் மிகுவித்தல் வேண்டும் என்றார் அவர். அஞ்சல் துறைப் பொறியாளர் பிரீசு இதனை ஏற்றாரல்லர். 1887இல் ஆலிவரும் அவர் தமையனார் ஆர்தரும் எழுதிய கட்டுரை அவரால் தடைப்பட்டது. ஆர்தர் அத்துறையின் ஊழியர். வாய் திறக்க இயலாதவர். ஆலிவரோ எவர்க்கும் கட்டுப்படாதவர். பிரீசைத் தம் எழுத்தில் எள்ளி நகையாடினார். அவ்வெள்ளல் அவருக்குப் பகையை வளர்த்ததும் உண்மையே.

கம்பியின் இடையிடையே மின்சுருள் அமைக்கும் முறைக்கு 1900இல் அமெரிக்காவில் பியூப்பின் என்பவர் உரிமை பெற்றுப் பெருஞ்செல்வரானார். வழிகாட்டிய ஹெவிசைடு வறியராகவே இருந்து, 1925இல் டார்க்கி நகரில் உயிர்நீத்தார்.

இக்காலப் பொறியாளர், மின்சுற்றைச் சமைக்குமுன் அதன் நடையைக் கணிப்பொறியிற் போலச்செய்து காண்கின்றனர். அங்கு நெடுங்கம்பியைச் சிறுசிறு கூறுகளாகப் பகுத்து, கூறுதோறும் தடை, தூண்டல், தேக்கம், கசிவு என நான்கு அளவுகளை இடுவது ஒரு முறை. கூறுகள் மிகச் சிலவாயின் விடை பிழைபடும். பலவாக நுணுகினால் மெய்க்கம்பியை நெருங்கும். அவர்கள் இடும் அந்நான்கும், ஹெவிசைடு தம் தனியறையில் எழுதிய அந்நான்கே.