யார் இந்த அலெக்சாண்டர் ரீ? ஆதிச்சநல்லூர் தாழிகளுக்குக் கணக்கு எழுதிய அதிகாரி

ஆதிகால மனிதர்களின் எலும்புகள் என்றாலே குகைதான் ஞாபகத்துக்கு வரும். இலங்கையின் பாகியன் குகையில் 30 ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய மனித எலும்புகள் கிடைத்திருக்கின்றன. நம்ம பக்கம் கதையே வேற.

குற்றாலத்தில் விழும் தண்ணீர், சிற்றாறாகத் தென்காசியைக் கடந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அங்கிருந்து ஆற்றோடு இன்னும் கீழே போனால் ஆதிச்சநல்லூர். இங்கே இரும்புக் கால மக்கள் பாறையில் குழி வெட்டி, இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்தார்கள். 114 ஏக்கர் பரப்புள்ள இடுகாடு அது.

முதலில் வந்தவர் யார்?

1876-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆந்த்ரேயாஸ் யாகோர் இங்கே தோண்டினார். கிடைத்த பொருட்கள் பெர்லினுக்குப் போய்விட்டன. ஊர்க்காரர்கள் பார்க்கக்கூட வழியில்லை.

ரீ என்ன செய்தார்?

பிரிட்டிஷ் அதிகாரியான ரீ, 1880-களில் ஜேம்ஸ் பர்ஜெஸின் கீழ் தென்னிந்தியத் தொல்லியல் பணியில் இருந்தவர். 1892-ல் ஆந்திராவின் பட்டிப்ரோலு ஸ்தூபியில் பிராமி எழுத்து பொறித்த பேழைகளைக் கண்டெடுத்தார். பிறகு சென்னை மாகாணத் தொல்லியல் கண்காணிப்பாளர் ஆனார். பல்லவர், சாளுக்கியர் கோயில்களைப் பற்றியும் புத்தகம் எழுதினார்.

1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் அவர் நடத்திய அகழாய்வில் தங்க நெற்றிப்பட்டம், விலங்கு உருவங்கள் வைத்த வெண்கல மூடிகள், இரும்பு வாள், ஈட்டி, மண்வெட்டி எல்லாம் வெளியே வந்தன. தாழிகளுக்குள் நெல் உமியும் துணித் துணுக்கும்கூட இருந்தன. பல பொருட்கள் இன்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அந்தப் பட்டியல் ஏன் முக்கியம்?

பொருளை எடுப்பது பாதி வேலைதான். எது, எங்கே கிடைத்தது என்று எழுதி வைக்காவிட்டால் அது வெறும் பழைய சாமான். ரீ 1915-ல் படங்களோடு பட்டியலை வெளியிட்டார். அவர் எடுத்த மண்டை ஓடுகள் பற்றி 1930-ல் தனி ஆய்வே வெளிவந்தது.

ரீ காலத்தில் கார்பன் காலக்கணிப்பு கிடையாது. அதனால் தாழிகளின் வயதை அவரால் அளந்து சொல்ல முடியவில்லை. அந்த வேலையைப் பின்னால் வந்தவர்கள் தொடர்ந்தார்கள். 2004-ல் மத்திய தொல்லியல் துறை மீண்டும் தோண்டியது. 2023-ல் அங்கேயே அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. குற்றாலத்துக்குப் போகிறவர்கள் ஒருநாள் கூடுதலாக ஒதுக்கினால், ரீ தோண்டிய மேட்டையும் பார்த்துவிட்டு வரலாம்.