கோபாலகிருஷ்ண பாரதி: பெரியபுராணத்தில் இல்லாத ஆண்டை

குத்தாலத்தைச் சுற்றியுள்ள காவிரிப் படுகையில் நந்தனார் கதையை அறியாதவர் அரிது. ஆயினும் நாம் அறிந்துள்ள கதை பெரும்பாலும் சேக்கிழாருடையது அன்று, கோபாலகிருஷ்ண பாரதியுடையது.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பார்ப்பனக் குடும்பமொன்றில் பிறந்தவர் பாரதி. முடிகொண்டானிலும், பின்னர் மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்தார். மாயவரத்தில் வேதாந்தம் கற்றார்; குத்தாலத்திற்கு மேற்கேயுள்ள திருவிடைமருதூரில் இந்துஸ்தானி இசை பயின்றார். மணம் புரியாமல் எளிமையாக வாழ்ந்த அவர் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. இலக்கண வழுக்களைக் கண்டு சிறப்புப்பாயிரம் அளிக்கத் தயங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பாரதி பாடக் கேட்ட பின்னரே இசைந்ததை உ.வே.சாமிநாதையர் பதிவு செய்துள்ளார்.

புலவர்கள் இலக்கணத்தில் வழு தேடினர். நாம் தேட வேண்டியது வேறு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் சேக்கிழார் காட்டும் நந்தனார், தம் தொழிலுக்குரிய மானிய நிலத்தின் வருவாயில் வாழ்ந்து, கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்தவர். அவருக்கு ஆண்டை இல்லை. பாரதியின் நந்தனோ நிலமற்ற பண்ணையாள். தில்லைக்குச் செல்ல, வேதியரான ஆண்டையிடம் அனுமதி கேட்டு நிற்பவன். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்தால்தான் அவனுக்கு விடுப்பு.

இந்த ஆண்டை எங்கிருந்து வந்தார்? பழைய ஏட்டிலிருந்து அல்ல; பாரதியைச் சூழ்ந்திருந்த வயலிலிருந்து என்பதே நமது வாசிப்பு. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமைக்கு நீதிமன்றம் துணைநிற்பதை நிறுத்தியது. ஆனால் தஞ்சைப் பண்ணைகளில் ஆட்களின் கட்டு அவிழவில்லை. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. மூலத்தில் இல்லாததைச் சேர்த்தார் என்று பாரதியைக் குறை கூறலாம். அந்தச் சேர்க்கையே பண்ணையடிமை முறைக்குச் சாட்சியாக நிற்கிறது.

சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும். ஆண்டையை மனம் மாறச் செய்த பாரதி, நந்தன் தீயில் இறங்கும் முடிவை மட்டும் மாற்றவில்லை. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் தலித் மக்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன் பின், நந்தனின் தீயைத் திருவருளாக மட்டும் நம்மால் வாசிக்க இயலாது. இந்த நினைவு பனுவலுக்கு வெளியிலிருந்து வருவதென்று வகுப்பறை ஒதுக்கக்கூடும். ஆண்டையும் வெளியிலிருந்தே வந்தார். அவரை ஏற்றுக்கொண்ட இலக்கியம் வெண்மணியின் நினைவை மறுக்க முடியாது.