கடனில் தவித்த கோட்டை... கியான்டி ரெட் வைனுக்கு முகவரி கொடுத்த இரும்பு பிரபு!

இரண்டு முறை இத்தாலியின் பிரதமராக இருந்தவர் பெட்டினோ ரிக்காசோலி. ஆனால், வெளிநாடுகளில் அவர் பெயர் அதிகம் அடிபடுவது அரசியலில் அல்ல, கியான்டி என்ற ரெட் வைன் பற்றிய பேச்சில்தான். அதிலும் ஒரு சோகம் உண்டு. அவர் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை அப்படியே விட்டுவிட்டார்கள்!

1809 மார்ச் 9-ல் ஃப்ளாரன்ஸ் நகரில் பிறந்தார் ரிக்காசோலி. 18 வயதில் பெற்றோர் இருவரும் இல்லை. மிஞ்சியது கடனில் மூழ்கிய சொத்தும், வளர்க்க வேண்டிய தம்பிகளும்தான். மைனர் பையன் சொத்தை நிர்வகிக்க முடியாதே? டஸ்கனியை ஆண்ட கோமகன் தனி ஆணை போட்டு, அவரை மேஜராக அறிவித்தார். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ப்ரோலியோ கோட்டைக்குக் கிளம்பினார்.

ஃப்ளாரன்ஸுக்கும் சியனாவுக்கும் நடுவே இருக்கும் மலைப்பகுதிதான் கியான்டி. ப்ரோலியோ இருப்பது அங்கேதான். 1141-லிருந்து ரிக்காசோலி குடும்பத்தின் கோட்டை அது.

1830-ல் ஆன்னா என்ற பெண்ணோடு கல்யாணம். ஒரு நடன விருந்தில் இளைஞன் ஒருவன் ஆன்னாவோடு அதிக நேரம் ஆடிவிட்டானாம். கோபம் தலைக்கேற, குளிர்கால நள்ளிரவில் மனைவியை வண்டியில் ஏற்றி நேராகக் கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டார் என்று அங்கே ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, ஆள் கறார் பேர்வழி. இரும்பு பிரபு என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை!

அந்தக் கறார்தான் சொத்தை மீட்டது. சிக்கனமாகக் குடும்பம் நடத்திக் கடனை அடைத்தார். கூடவே, பல வருஷங்கள் தன் திராட்சைத் தோட்டத்தில் எந்தப் பழத்தோடு எதைச் சேர்த்தால் நல்ல வைன் கிடைக்கும் என்று சோதித்துக்கொண்டே இருந்தார்.

நடுவில் அரசியல் இழுத்தது. 1860-ல் டஸ்கனியை சார்டினியா ராஜ்ஜியத்தோடு இணைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு. 1861-ல் முதல் பிரதமர் கவூர் இறந்ததும், அந்த நாற்காலி இவருக்கு வந்தது. 1866-ல் மறுபடியும் பிரதமர்.

பதவியெல்லாம் முடிந்து, 1872-ல் பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கியான்டியின் ரகசியமே அதில்தான் இருக்கிறது. சாஞ்சியோவேசே என்ற கறுப்புத் திராட்சை மணத்தையும் வலுவையும் தரும். கனாயோலோ என்ற இன்னொரு கறுப்பு ரகம் அதன் முரட்டுத்தனத்தைக் குறைக்கும். மால்வாசியா என்ற வெள்ளை ரகம் வைனை லேசாக்கும், சீக்கிரமே குடிக்கத் தயாராக்கும். இவ்வளவு சொன்னவர் முக்கியமான ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். பல வருஷம் வைத்துப் பழசாக்க வேண்டிய வைனுக்கு வெள்ளைத் திராட்சை தேவையில்லை.

1880-ல் ப்ரோலியோவிலேயே அவர் காலமானார். அதன் பிறகுதான் சிக்கல். 1967-ல் வந்த கியான்டி விதிகள், 10 முதல் 30 சதவிகிதம் வரை வெள்ளைத் திராட்சை சேர்த்தே ஆக வேண்டும் என்றன. நிறைய காய்க்கும், ஆனால் ருசி குறைந்த ட்ரெப்பியானோவும் உள்ளே வந்தது. வைன் நீர்த்தது, பெயர் கெட்டது. வைக்கோல் சுற்றிய குண்டு பாட்டிலில் விற்கும் மலிவு சரக்கு என்று கியான்டியை ஒதுக்கினார்கள். பழியோ ரிக்காசோலியின் கலவை மேல் விழுந்தது!

கடைசியில் ஜெயித்தது அந்தப் பழைய கடிதம்தான். பாட்டிலில் கறுப்புச் சேவல் முத்திரையோடு வரும் கியான்டி கிளாசிகோவில் 2006 முதல் வெள்ளைத் திராட்சைக்கு இடமே இல்லை. குறைந்தது 80 சதவிகிதம் சாஞ்சியோவேசே இருக்க வேண்டும்.

இதை எதோடு சாப்பிடுகிறார்கள்? சாஞ்சியோவேசேயில் புளிப்பும் துவர்ப்பும் தூக்கல். அதனால் தக்காளி சாஸ் பாஸ்தாவின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும். மாமிசக் கொழுப்பின் திகட்டலை அந்தத் துவர்ப்பு வெட்டிவிடும். கரி நெருப்பில் வாட்டிய ஃப்ளாரன்ஸ் மாட்டிறைச்சி, காட்டுப்பன்றிக் குழம்பு, ஆட்டுப்பால் சீஸான பெக்கொரினோ ஆகியவை டஸ்கனிக்காரர்களின் வழக்கமான ஜோடி. லேசான இளம் வைன் தினசரிச் சாப்பாட்டுக்கு, பழசாக வைத்தது விருந்துக்கு.

ரிக்காசோலி பிரித்துச் சொன்னதும் இதைத்தானே!