தாயைப் பறித்த நோயைத் தேடிய மகன்

பெல்ஜியம் நாட்டில் லோங்லியே என்று ஒரு சிற்றூர். அங்கே ரொட்டிக் கடை வைத்திருந்தவரின் மகன் ஆல்பர்ட் கிளாட்.

ஏழு வயதில் தாயை இழந்தான் சிறுவன். மார்புப் புற்று நோய் அவளைக் கொண்டு போய்விட்டது.

பிறகு படிப்பும் நின்றது. வாதத்தில் விழுந்த மாமாவுக்குப் பணிவிடை செய்தான். இரும்பு ஆலையில் வேலைக்குப் போனான்.

சட்டம் திறந்த கதவு

முதல் உலகப் போரில் (1914-18) அவர் பிரிட்டிஷ் உளவுப் பகுதிக்கு உதவினார். போருக்குப் பின், போரில் தொண்டு செய்தவர்கள் பள்ளிச் சான்றிதழ் இல்லாமலே பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று சட்டம் வந்தது. கிளாட் மருத்துவம் படித்தார். 1928-ல் டாக்டர் ஆனார்.

மறு ஆண்டு நியூயார்க் சென்றார். ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கோழிக்கு வரும் புற்று நோய்க் கட்டியிலிருந்து, நோயை உண்டாக்கும் கிருமியைப் பிரித்து எடுப்பதே அவர் வேலை.

சுழலும் குழாய்

அரிசி அரிக்கும்போது கனமான கல் அடியில் தங்குகிறது அல்லவா? அதே வழிதான். உயிரணுக்களை அரைத்து, குழாயில் ஊற்றி, எந்திரத்தில் வைத்துச் சுழற்றினார். கனமான துகள் முதலில் படிந்தது. வேகத்தைக் கூட்டினார். அதைவிடச் சிறியதும் படிந்தது.

கிருமியைப் பிடித்துவிட்டோமா? நோயற்ற உயிரணுவையும் அரைத்துப் பார்த்தார். அதிலும் அதே போன்ற துகள்கள்! அவை கிருமி அல்ல, உயிரணுவின் உறுப்புகள்.

வேறொருவர் என்றால் மனம் ஒடிந்திருப்பார். கிளாட் அந்த உறுப்புகளையே ஆராயத் தொடங்கினார். மூச்சுக் காற்றைப் பயன்படுத்திச் சக்தி தரும் என்சைம், மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பில் இருப்பதை அவர் குழுவினர் 1946-ல் காட்டினர்.

ஒரே வேலையைச் செய்யும் என்சைம், மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு வகையாகவும், வெளியே உள்ள திரவத்தில் வேறு வகையாகவும் இருப்பது உண்டு. கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் ஏ.எஸ்.டி. அப்படிப்பட்டது. இரண்டையும் கலந்துவிட்டால் எது எங்கிருந்தது என்று சொல்ல முடியாது. முதலில் உறுப்பு உறுப்பாகப் பிரிக்க வேண்டும். அதற்கு வழி காட்டியவர் கிளாட்.

தாய்நாட்டில்

1949-ல் அவர் பெல்ஜியம் திரும்பினார். பிரஸ்ஸல்ஸ் நகரின் புற்று நோய் நிலையத்துக்குத் தலைவரானார். 1974-ல் வேறு இருவருடன் நோபல் பரிசு பெற்றார். 1983-ல் காலமானார்.

தாயைப் பறித்த நோய்க்கு அவர் மருந்து காணவில்லை. ஆனால், அந்த நோயை ஆராய்கிறவர்கள் இன்றும் அவர் காட்டிய முறையில் உயிரணுவைப் பிரித்துப் பார்க்கிறார்கள்.