திவான் பகதூர் நம்பெருமாள் செட்டியார்

திருவண்ணாமலையில் வாழும் நமக்குக் கட்டடத்தின் பெருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பதினொரு நிலைகளோடு 217 அடி உயர்ந்து நிற்கும் இராசகோபுரத்தை நாடோறும் கண்டு வாழ்கின்றோம். அதனைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர் என்பதையும், முடித்தவர் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் என்பதையும் நம் சிறுவரும் அறிவர். ஆயினும் அக்கோபுரத்திற்குக் கல்லும் சுண்ணமும் சேர்ப்பித்து, ஆட்களைத் திரட்டிக் கூலி கொடுத்து, நிலை நிலையாக ஏற்றிய மேலாளர் யாவர் என்பது ஒருவருக்கும் தெரியாது. பணம் கொடுத்தவர் பெயர் நிற்பதும், பணி முடித்தவர் பெயர் மறைவதும் உலக வழக்கமாகிவிட்டன. இவ்வழக்கத்திற்கு விலக்காகத் தம் பெயரை நிறுத்திச் சென்ற கட்டடத் தொழிலர் ஒருவர் சென்னை மாநகரில் வாழ்ந்தார். அவரே திவான் பகதூர் நம்பெருமாள் செட்டியார். வணிகத்தாலும் தொழிலாலும் உயர விரும்பும் நம்மவர் யாவரும் அறியத்தக்க அவரது சரிதத்தை இங்குச் சுருக்கி எழுதுகின்றேன்.

தாட்டிகொண்டா என்னும் குடும்பப் பெயருடைய நம்பெருமாள் செட்டியார் 1856-ஆம் ஆண்டிற் பிறந்தார். அவர் கட்டடக் கண்டிராக்டுத் தொழிலை மேற்கொண்டு முன்னேறிய காலம், சென்னையில் அரசாங்கத்தார் பெரும் பெரும் மாளிகைகளை எழுப்பத் தலைப்பட்ட காலமாகும். ராபர்ட் சிஷோம், ஹென்றி இர்வின் என்னும் இரு சிற்பக்கலை வல்லுநர் அக்காலத்தில் சென்னையில் விளங்கினர். இந்து, முகம்மதியக் கட்டட முறைகளை ஆங்கில முறையோடு கலந்து, குவிமாடமும் வளைவும் மாடமுமாகப் புதியதொரு பாணியை அவர்கள் வளர்த்தனர். அவர்கள் தாளில் வரைந்தவற்றை மண்மேல் நிறுத்திக் காட்டியவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் நம் செட்டியார்.

சிஷோம் வரைந்த விக்டோரியா நகர மண்டபம் சென்ட்ரல் புகைவண்டி நிலையத்திற்கு அருகே 1880-களில் எழுந்தது. இர்வின் வரைந்த கன்னிமரா நூல்நிலையம் 1896-இல் திறக்கப்பட்டது. கடற்கரைச் சாலையில் சென்னை வங்கியின் மாளிகை 1897-இல் அமைந்தது. இவ்வங்கியே 1921-இல் இம்பீரியல் வங்கியில் இணைந்து, 1955-இல் பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் சட்டக் கல்லூரிக் கட்டடம் 1899-ஆம் ஆண்டினது. கல்லூரி 2018-இல் வேறிடங்களுக்குப் பெயர்ந்துவிட்டபோதிலும் கட்டடம் நிலைத்து நிற்கின்றது. எழும்பூர்க் கண்காட்சிச் சாலையில், சத்தியவேட்டிலிருந்து கொணர்ந்த இளஞ்சிவப்பு மணற்கல்லால் முகப்பமைந்த விக்டோரியா நினைவு மண்டபம் 1909-இல் திறக்கப்பட்டது. இவையனைத்தும் செட்டியாரின் பொறுப்பில் எழுந்தவை. நம் ஊரிலிருந்து வழக்கின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் சென்னை செல்லும் அன்பர்கள், தாம் அறியாமலே அவர் கட்டிய சுவர்களின் நிழலில் நடந்து வருகின்றனர்.

கண்டிராக்டுத் தொழிலின் அருமையை அத்தொழிலில் இறங்கினவரே அறிவர். வேலை முடிந்த அளவுக்கே அரசாங்கத்தார் பணம் தருவர். கொத்தனுக்கும் சிற்றாளுக்கும் கூலியோ வாரந்தோறும் கொடுத்தாக வேண்டும். இடைப்பட்ட காலத்திற்கு வேண்டிய முதலைத் தன் கையிலிருந்தோ கடன் வாங்கியோ போடுபவன் கண்டிராக்டரே. மழை பெய்தாலும் சுண்ணாம்பு கெட்டாலும் நட்டம் அவனைச் சேரும். மேலும், சட்டக் கல்லூரி முதலியவற்றின் சுவர்கள் மேற்பூச்சின்றிச் செங்கல் வெளித்தோன்றக் கட்டப்பெற்றவை. பூச்சிருந்தால் கோணலையும் பிளவையும் அதனுள் மறைத்துவிடலாம். பூச்சில்லாத சுவரில் ஒவ்வொரு செங்கல்லும், ஒவ்வொரு இணைப்பும் காண்பாருக்குச் சாட்சி சொல்லும். நூறாண்டு கடந்தும் அச்சுவர்கள் தலைநிமிர்ந்து நிற்பதைக் காட்டிலும் செட்டியாரின் நேர்மைக்கு வேறு சான்று வேண்டுமோ?

இத்தொழிலால் வந்த செல்வத்தைச் செட்டியார் பெரும்பாலும் நிலத்திலும் வீட்டிலும் இட்டார். அவர் வாழ்ந்த இடம் எழும்பூரை அடுத்த சேத்துப்பட்டு. நம் மாவட்டத்திலும் அப்பெயருடைய ஊர் உண்டாதலின் வாசகர் மயங்காதிருக்க இதனைக் குறிக்கின்றேன். பரந்த தோட்டங்களின் நடுவே தூண் நிறைந்த தாழ்வாரங்களோடு அமைந்த பங்களாக்கள் பல அக்காலத்துச் சேத்துப்பட்டில் இருந்தன. ஆங்கில வர்த்தகரும் உத்தியோகஸ்தரும் வாழ்ந்த அவ்விடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செட்டியார் வாங்கிய வீடுகள் 99 என்பர். நூறாவது வீடு தமக்கு ஆகாது என்று எண்ணி அவ்வளவில் நின்றுவிட்டார் என்றும் சொல்லப்படுகின்றது. திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைக் குடும்பத்தோடு சேவித்து வருவதற்கென்றே நான்கு பெட்டிகள் கொண்ட தனிப் புகைவண்டி ஒன்றைச் சேத்துப்பட்டு நிலையத்தருகே வைத்திருந்தார் என்றும் அவர் வரலாறு உரைப்போர் கூறுவர்.

இனி, அவரது மோட்டார் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னைச் சாலைகளில் முதன்முதல் மோட்டார் ஓட்டினவர் பாரிக் கம்பெனியின் டைரக்டராகிய யார்க் என்னும் ஆங்கிலேயர். 1901-இல் அவர் அடையாற்றிலிருந்து பாரி முனைக்கு அவ்வண்டியில் நாடோறும் சென்று வந்தார். மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்குமென்று அமைந்த புழுதிச் சாலையில், மாடும் குதிரையுமின்றித் தானே ஓடும் வண்டியைக் காண மக்கள் திரண்டு நின்றதில் வியப்பில்லை. 1903-இல் சிம்சன் கம்பெனியார் நீராவியால் ஓடும் வண்டியொன்றைச் சென்னையிலேயே செய்தனர். பின்பு வண்டிகளுக்கு எண் இட்டுப் பதிவு செய்யும் முறை வந்தபோது, எம்.சி. 1 என்னும் முதல் எண்ணைப் பெற்றவர் சென்னைத் துறைமுகத் தலைவராகிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். எம்.சி. 3 என்னும் எண் நம்பெருமாள் செட்டியாரின் வண்டிக்கு உரியதாயிற்று. சென்னையில் மோட்டார் வாங்கிய முதல் இந்தியர் அவரே.

அவ்வண்டி பிரெஞ்சு நாட்டில் டி டியோன் பூட்டோன் என்பார் செய்தது. மோட்டார்ப் பந்தயத்தின் தொடக்க வரலாற்றில் இப்பெயர் முன்னிற்பது. 1894-ஆம் ஆண்டு ஜூலையில் பாரிஸ் நகரிலிருந்து ரூவான் நகருக்கு 126 கிலோமீட்டர் தூரம் நடந்த போட்டியே மோட்டார்ப் பந்தயங்களுக்கெல்லாம் முன்னோடி. அதில் டி டியோன் பிரபு தாமே ஓட்டிய நீராவி வண்டி எல்லாவற்றிற்கும் முன்னதாக ரூவானை அடைந்தது. ஆயினும் முதற்பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. அவ்வண்டிக்குத் தீ மூட்டிக்கொண்டே வர வேறோர் ஆள் வேண்டியிருந்தமையால், எளிதிற் கையாளத்தக்க பெட்ரோல் வண்டிகளுக்கே நடுவர் அப்பரிசைப் பகிர்ந்தளித்தனர். அதன்பின் டி டியோன் கம்பெனியாரும் பெட்ரோல் இயந்திரத்தில் கருத்துச் செலுத்தி, 1900-ஐ ஒட்டி உலகிலேயே மிகுதியாக மோட்டார் செய்வோராயினர். 1907-இல் சீனத்துப் பீகிங் நகரிலிருந்து பாரிஸ் வரை நடந்த பெரும் பந்தயத்தில், மலையும் பாலையும் கடந்து இறுதிவரை வந்து சேர்ந்த வண்டிகள் நான்கு. அவற்றுள் இரண்டு இக்கம்பெனியாருடையவை. நல்ல சரக்கை அறிந்து வாங்கும் வணிகரின் கண் செட்டியாருக்கு இருந்தது என்பதற்கு இத்தேர்வும் ஓர் எடுத்துக்காட்டு.

முதல் எண் பெற்ற ஸ்பிரிங் துரையையும் மூன்றாம் எண் பெற்ற செட்டியாரையும் வேறொரு நூல் இணைக்கின்றது. அந்நூல் கணித மேதை சீனிவாச ராமானுஜன். ஈரோட்டில் 1887-இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், கல்லூரித் தேர்வில் தவறி வேலையின்றி அலைந்த பின்னர், 1912-இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அவ்வலுவலகத்தின் தலைவரான ஸ்பிரிங், தம் குமாஸ்தாவின் அறிவை அறிந்து அவர் உயர்வதற்கு வேண்டிய உதவிகளைச் செய்தார். 1914-இல் ராமானுஜன் கடல் கடந்து கேம்பிரிட்ஜ் சென்றார். 1918-இல் ராயல் சங்கத்தின் உறுப்பினராயினார். 1919-இல் நாடு திரும்பும்போது புகழோடு நோயையும் உடன் கொண்டு வந்தார்.

சென்னை, கொடுமுடி, கும்பகோணம் என்று இடம் மாறியும் நோய் தணியவில்லை. 1920-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மருத்துவத்தின் பொருட்டு அவர் மீண்டும் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார். காசநோய் என்று கருதப்பட்ட ஒருவரைத் தம் வீட்டில் ஏற்கப் பலரும் அஞ்சிய காலம் அது. நம்பெருமாள் செட்டியாரோ தம் சேத்துப்பட்டு மாளிகைகளுள் கிரைநாண்ட் என்பதனை அவருக்கு அளித்தார். ஆங்கிலத்தில் அப்பெயரின் முதற்பகுதி அழுகையைக் குறிப்பதாதலின் ராமானுஜனுக்கு அது பிடிக்கவில்லை என்பர். உடனே அருகிலிருந்த கோமேத்ரா என்னும் மற்றொரு வீடு அவருக்கு ஒழித்துக் கொடுக்கப்பட்டது. படுக்கையிற் கிடந்தபடியே ராமானுஜன் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். அவ்வாண்டு ஜனவரியில் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தாம் அறிவித்த போலித் தீட்டாச் சார்புகள் என்னும் புதிய கணிதத்தை அந்நாட்களிலும் வளர்த்து வந்தார். காகிதம் எடுத்துத் தருவதும், வலிக்கு ஒத்தடம் கொடுப்பதுமாக மனைவியார் ஜானகி அம்மையார் உடனிருந்தார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் ராமானுஜன் தமது 32-ஆம் வயதிற் காலமானார்.

கடல் கடந்தவர் இராமேசுவரம் சென்று பிராயச்சித்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது அக்காலத்து வைதிகர் கொள்கை. நோயின் கடுமையால் ராமானுஜனுக்கு அது கூடவில்லை. ஆதலின் அவருடைய உறவினரிற் பலர் இறுதிச் சடங்கிற்கும் வராதொழிந்தனர். உலகம் போற்றிய ஒருவரைச் சொந்தச் சாதியார் தள்ளி நிற்க, வேற்றுச் சாதியார் ஒருவரின் கூரையின்கீழ் அவர் உயிர் பிரிந்தது. அவரைக் கொன்ற நோய் காசமன்று, ஈரலைத் தாக்கிய சீதபேதிக் கிருமியின் விளைவாதல் கூடும் என்று 1994-இல் ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளர் முடிவு கூறினார். அவர் இறுதி நாட்களில் எழுதிய தாள்கள் பல கைகள் மாறி, 1976-இல் கேம்பிரிட்ஜ் டிரினிடிக் கல்லூரி நூலகத்தில் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியரால் கண்டறியப்பட்டன. அத்தாள்களிற் கண்ட கணிதத்தைக் கணித அறிஞர் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.

ராமானுஜன் மறைந்து ஐந்தாண்டு கழித்து, 1925-இல், நம்பெருமாள் செட்டியாரும் காலமானார். திவான் பகதூர் பட்டம் வழங்கிய அரசாங்கம் 1947-இல் அகன்றது. எம்.சி. 3 ஓடிய புழுதிச் சாலை இன்று தாரிட்ட பெருஞ்சாலையாகி வண்டிகளால் நெருங்கிக் கிடக்கின்றது. தோட்டங்கள் துண்டு துண்டாகி அடுக்கு மாடிகள் எழுந்துவிட்டன. 99 வீடுகளுள் கற்றவர் இன்றும் பெயர் சொல்லி நினைப்பவை நோயாளிக்குக் கொடுத்த அவ்விரண்டு வீடுகளே. பல லட்சம் பெறுமான சொத்துக்களில் வாடகை வாராத அந்தச் சில மாதங்களே செட்டியாருக்கு அழியாத வருவாயாயின.

இச்சரிதத்தை நம் சங்கத்தார் முன் வைப்பதற்குக் காரணம் உண்டு. சாதிச் சங்கங்கள் தோன்றியது, தம்மவருள் ஏழைகளுக்குக் கல்வியும் ஆதரவும் கிடைக்கச் செய்வதற்காக. அது நற்செயலே, அதனைக் குறை கூறுவார் இலர். ஆயினும் ராமானுஜன் விஷயத்தில் சாதிக் கட்டு செய்தது யாது என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிராயச்சித்தம் ஆகவில்லை என்று உறவினர் விலகியது போலவே, கல்விக் கொடைக்கு விண்ணப்பிக்கும் மாணவனிடம் நாமும் முதலில் குலத்தையே கேட்கின்றோம். நம் பள்ளிகளில் நாம் காணும் அறிவுடைய சிறுவர் எல்லா வீடுகளிலிருந்தும் வருகின்றனர். ஆகவே, சங்கத்தின் கல்வி நிதியில் ஒரு பங்கையேனும், எக்குலத்தவராயினும் தகுதியும் வறுமையும் ஒருங்குடைய மாணவருக்கு ஆண்டுதோறும் ஒதுக்குமாறு நிர்வாக சபையாரை வேண்டிக்கொள்கின்றேன். பிற குலத்தானுக்குச் செய்த உதவியால் நம்பெருமாள் செட்டியாரின் செல்வமும் குறையவில்லை. அவர் பிறந்த குலத்தின் பெருமையும் குறையவில்லை. அப்பெருமையை உலகத்துக் கணித நூல்களெல்லாம் ஏற்றுச் சுமந்து நிற்கின்றன. அவ்வழியை நம் சங்கமும் பின்பற்றி நற்பெயர் எய்துமாறு அருணாசலேசுவரர் திருவருள் புரிவாராக.