டில்லி நீலம் தந்த சர்தார் குருசரண் சிங்

குயவர் என்றதும் நம் நினைவுக்கு வருபவை பொங்கல் பானையும் கார்த்திகை அகலும்தான். கல்லூரியில் படித்த ஒருவர் தாமே விரும்பிச் சக்கரத்தின் முன் அமர்ந்தார் என்றால் இன்றுகூடச் சற்று வியப்போடுதான் பார்ப்போம். நூறு ஆண்டுகளுக்கு முன் எப்படிப் பார்த்திருப்பார்கள்! அவ்வாறு அமர்ந்தவர்தான் சர்தார் குருசரண் சிங்.

ஜம்முவிலுள்ள பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கல்லூரியில் நிலவியல் பயின்ற அவர், முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் தொழில் பழக டில்லிக்கு வந்தார். புதிய தலைநகரம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. செங்கல் தொழில் நடத்திய ராம் சிங் காபூலி என்பவரிடம் சேர்ந்தார். செங்கல் கணக்கோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இருந்திராது. ஆனால் அங்கே அப்துல்லா என்ற பட்டாணியக் குயவரைக் கண்டார்.

பழைய டில்லியின் கல்லறை மண்டபங்களிலும் மசூதிகளிலும் மின்னும் நீல ஓடுகளின் மரபில் வந்தவர் அப்துல்லா. அந்த நீலம் எங்கிருந்து வருகிறது? தோழியரே, நம் ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு முதல் இயங்கும் செயின்ட் கோபெய்ன் ஆலையில் மணலை உருக்கித்தானே கண்ணாடி செய்கிறார்கள்? மண்பாண்டத்தின் மேலுள்ள பளபளப்பும் மெல்லிய கண்ணாடிதான். மணற்பொடியோடு காரச் சாம்பலும் சிறிது செம்பும் கலந்து பூசிச் சூளையில் சுட்டால் மயில்கழுத்து நீலம் பிறக்கும். அதில் ஈயம் மிகுந்தாலோ நீலம் பச்சையாகிவிடும். இத்தகைய அளவுகள் ஏட்டில் எழுதப்படாமல் தந்தை மகனுக்குச் சொல்லி வந்தவை. கற்க ஆளில்லையேல் அந்த நீலமே மறைந்துவிடும். சீக்கிய இளைஞர் முஸ்லிம் முதியவரின் அருகில் அமர்ந்து அதைக் கற்றார்.

1919-இல் மட்பாண்டக் கலை பயில ஜப்பானுக்குச் சென்று டோக்கியோவில் மூன்றாண்டுகள் இருந்தார். பெர்னார்ட் லீச் என்ற ஆங்கிலேயக் குயவர், ஹமாதா, கவாய், அறிஞர் யானகி ஆகியோரின் நட்பு அங்கே வாய்த்தது. அந்நாட்டில் குயவருக்கு இருந்த மதிப்பு அவருக்குப் புதுமையாக இருந்திருக்க வேண்டும். கொரிய ஏழை எளியோர் உணவுண்ட கிண்ணங்களைக்கூட ஜப்பானியர் தேநீர்ச் சடங்குக்கென எடுத்துப் பொக்கிஷமாகப் போற்றி வந்தனர். பெயர் தெரியாத கைவினைஞரின் அன்றாடப் பொருளில்தான் உண்மையான அழகு உண்டு என்பது யானகியின் கொள்கை. பெயரே அறியப்படாத ஓடு செய்வோரின் நாட்டிலிருந்து வந்த மாணவருக்கு அது எவ்வளவு பொருந்தியிருக்கும்!

1922-இல் தாயகம் திரும்பினார். பல ஆண்டுகள் பஞ்சாபில் அரசுப் பணி. இல்லங்களில் பீங்கானும் எவர்சில்வரும் பெருகிய நாட்களில் கையால் வனைந்த பாண்டத்தை யார் விரும்பிக் கேட்பார்கள்? ஆயினும் அவர் விட்டுவிடவில்லை. முதுமையை நெருங்கிய வயதில், 1952-இல், டில்லியில் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார். டில்லி புளூ என்பது அதன் பெயர். கூஜா, கிண்ணம், பூச்சாடி, கட்டடங்களுக்கான நீல ஓடுகள் எனப் பலவும் அங்கே உருவாயின. தாம் அறிந்ததை அவர் ஒளித்து வைக்கவில்லை. வந்தவர்க்கெல்லாம் கற்பித்தார், இந்திய மட்பாண்டங்களைப் பற்றி நூலும் எழுதினார். மகனும் குயவரானார்.

1991-இல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், பத்மஸ்ரீ விருது பெற்றார். 1995-இல் மறைந்தார். விருதுப் பட்டியல் எதிலும் இடம் பெறாத அப்துல்லாவின் பெயரை, இந்த மாணவரின் வரலாற்றைப் படிக்கையில்தான் நாம் அறிந்துகொள்கிறோம்.