வரி வசூலித்தார், தூக்கில் தொங்கினார்!
கும்மந்தான் கான்சாகிப் வாழ்க்கை வரலாறு

செங்கோட்டைக்கு வடக்கே, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது பண்பொழி. மலை மீது திருமலைக் குமரன் கோவில். கீழே குளங்களும் நெல் வயல்களும். ஊருக்கு அருகிலேயே வடகரை.

இந்த மலையடிவாரச் சீமையில் 1759-ம் ஆண்டு பெரும் போர் மூண்டது. அரசுரிமைக்காகவோ, எல்லைத் தகராறுக்காகவோ நடந்த போர் அல்ல. வரி வசூலுக்காக நடந்த போர்!

படை நடத்தி வந்தவர் வெள்ளைக்காரரும் அல்ல. நம் நாட்டவரே. மக்கள் அவரைக் "கும்மந்தான் கான்சாகிப்" என்று அழைத்தார்கள். "கமாண்டன்ட்" என்ற சொல்தான் மக்கள் வாயில் கும்மந்தான் ஆயிற்று. அவருடைய முழுப்பெயர் முகமது யூசுப் கான்.

வெள்ளையருக்காக வரி வசூலித்த அவரை, ஐந்தே ஆண்டுகளில் அதே வரிப்பணம் தூக்குமரத்தில் ஏற்றியது.

பனையூர்ச் சிறுவன்

ராமநாதபுரம் சீமையில் உள்ள பனையூரில், 1725-ம் ஆண்டு வாக்கில் பிறந்தவர் யூசுப் கான். வேளாளர் குடும்பம், இளமைப் பெயர் மருதநாயகம் என்று சொல்லப்படுகிறது. சிறு வயதிலேயே ஊரை விட்டு வெளியேறினார். இஸ்லாம் மார்க்கத்தைத் தழுவினார். சிப்பாய் ஆனார்.

ஆர்க்காட்டு நவாப் பதவிக்காக சந்தா சாகிபும் முகமது அலியும் மோதிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர்; மறு பக்கம் ஆங்கிலக் கும்பினியார். யூசுப் கான் கும்பினிப் படையில் சேர்ந்து கிளைவின் கீழும், பிறகு லாரன்சின் கீழும் போரிட்டார். திருச்சி முற்றுகையின்போது, எதிரியின் காவலைத் தாண்டி உணவுப் பொருள்களைக் கொண்டுவந்து சேர்ப்பதில் அவருக்கு நிகர் எவரும் இல்லை.

1754-ம் ஆண்டு சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக அவர் நியமிக்கப்பட்டார். கும்பினியார் தங்கப் பதக்கமும் அளித்தார்கள்.

கடனில் மூழ்கிய நவாப்

போரில் முகமது அலி வென்றார். ஆனால் அந்த வெற்றிக்கு விலை இருந்தது. ஆங்கிலப் படையின் செலவெல்லாம் நவாபின் கணக்கில் கடனாக ஏறியது. அந்தக் கடனை எங்கிருந்து அடைப்பது? மதுரைச் சீமையும் திருநெல்வேலிச் சீமையும் நவாபின் கண்ணில் பட்டன.

அங்கே பாளையக்காரர்களின் ஆட்சி நடந்தது. காட்டுக்கும் மலைக்கும் அவர்களே காவல். ஊரில் களவு போனால் அவர்கள் பொறுப்பு. கோட்டை அவர்களுடையது, படை அவர்களுடையது. முன்பு மதுரை நாயக்கருக்குக் கப்பம் கட்டியவர்கள்தான். ஆனால் தங்கள் மண்ணுக்கு ஒரு நன்மையும் செய்யாத நவாபுக்கு எதற்காகக் கப்பம் கட்ட வேண்டும் என்பது அவர்கள் கேள்வி.

அந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர் நெற்கட்டும்செவல் பூலித்தேவர். 1755-ம் ஆண்டு கர்னல் ஹெரானும், நவாபின் அண்ணன் மாபூஸ் கானும் படையோடு வந்து பணம் கேட்டார்கள். பூலித்தேவர் கொடுக்க மறுத்தார். தகுந்த பீரங்கிகள் இல்லாத ஹெரான் வெறுங்கையோடு திரும்பினார். பிறகு இராணுவ விசாரணைக்கு உள்ளாகி, பதவியையும் இழந்தார்.

வெள்ளைத் தளபதியால் முடியாத வேலையை, 1756-ம் ஆண்டு யூசுப் கானிடம் ஒப்படைத்தார்கள்.

ஐந்து லட்ச ரூபாய்க் குத்தகை

1758-ம் ஆண்டு இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, யூசுப் கான் வடக்கே அழைக்கப்பட்டார். முற்றுகை முறிந்ததும், 1759-ல் மீண்டும் தெற்கே அனுப்பப்பட்டார். இம்முறை அவர் வெறும் தளபதி அல்ல, குத்தகைதாரர்!

மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் குத்தகை பேசப்பட்டது. வெள்ளாமை விளைந்தாலும் விளையாவிட்டாலும் அந்தத் தொகையைக் கட்டியாக வேண்டும். வசூல் செய்வதும் அவர்தான். அதற்கான படைக்குச் சம்பளம் கொடுப்பதும் அவர்தான்.

வசூலில் அவர் இரக்கம் காட்டவில்லை. காடுகளை வெட்டிப் படைக்குப் பாதை போட்டார். எதிர்த்த ஊர்களின் கால்நடைகளை ஓட்டிச் சென்றார். பிடிபட்டவர்களில் பலர் உயிரிழந்தார்கள். அந்த இரத்தக் கறையை அவருடைய வரலாற்றிலிருந்து துடைக்க முடியாது.

வடகரையில் போர்

மலையடிவாரப் பாளையங்கள் பூலித்தேவரின் பக்கம் நின்றன. அவர்களைத் தனியாக வெல்ல முடியாது என்று யூசுப் கான் கண்டார். திருவிதாங்கூர் மன்னரிடம் தூது போயிற்று. களக்காட்டுப் பகுதியை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தம் ஆனது. மலையாளப் படை செங்கோட்டைப் பக்கம் வந்து சேர்ந்தது.

இரு படைகளும் வடகரைப் பாளையத்தைத் தாக்கின. பாளையக்காரர் ஒரு பகல் முழுவதும் எதிர்த்துப் போரிட்டார். பிறகு இரவோடு இரவாக வெளியேறி, பூலித்தேவரிடம் சென்று சேர்ந்தார்.

அடுத்து வாசுதேவநல்லூர்க் கோட்டை. அங்கே கான்சாகிபின் பீரங்கிகளுக்கு மண் சுவர் அசையவில்லை. முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். ஆனாலும் விடவில்லை. 1761-ம் ஆண்டு மே 16-ந் தேதி நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகள் அவர் வசமாயின. இந்தப் பனையூர், பூலித்தேவரின் கோட்டைகளில் ஒன்று. பூலித்தேவர் பிடிபடாமல் தப்பினார்.

பணம் போன வழி

கான்சாகிபின் கதை இதோடு முடிந்திருந்தால், வெள்ளையரின் கையாள் என்ற பெயரே அவருக்கு நிலைத்திருக்கும். வசூலான பணத்தை அவர் செலவிட்ட விதம்தான் அவரை வேறு மனிதராக்கியது.

தூர்ந்து கிடந்த குளங்களும் வாய்க்கால்களும் செப்பனிடப்பட்டன. நெசவாளருக்கு முன்பணம் கிடைத்தது. வியாபாரிகள் பயமின்றி வழி நடந்தார்கள். தடைப்பட்டிருந்த மதுரை மீனாட்சியம்மன் கோவில் பூசைக்கு அவர் வழி செய்தார். கோவில் நிலங்களை மீட்டுக் கொடுத்தார். பிறப்பால் இந்து, மார்க்கத்தால் முஸ்லிம். ஆட்சியில் அவர் அந்த வேற்றுமை பார்க்கவில்லை.

குளம் நிரம்பினால் வயல் விளையும். வயல் விளைந்தால் வரி தானே வரும். வாளால் வசூலிக்கத் தொடங்கியவர், மண்வெட்டியின் பலனை உணர்ந்தார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு தென்சீமைக்கு வந்த கர்னல் புல்லர்ட்டன்கூட, அவருடைய நீதியையும் சொல் தவறாமையையும் மனம் திறந்து புகழ்ந்து எழுதினார்.

நவாபின் பொறாமை

சீமை செழித்தது. கான்சாகிப் குத்தகையை ஆண்டுக்கு 7 லட்ச ரூபாயாக உயர்த்தித் தர முன்வந்தார். அதுவே அவருக்கு வினையாயிற்று!

இவ்வளவு வருமானமுள்ள சீமையை ஒரு சிப்பாய் ஆள்வதா என்று நவாப் கொதித்தார். அந்தப் பணம் தம் கைக்கே வரவேண்டும் என்றார். கும்பினியாரும் நவாபின் பக்கம் சாய்ந்தார்கள். நவாபின் ஊழியராக இருக்கும்படி கான்சாகிபுக்கு உத்தரவு வந்தது.

அவர் பணியவில்லை. வரி கொடுக்க மறுத்தவர்களை அடக்கியவர், இப்போது தாமே கொடுக்க மறுத்தார். நேற்றுவரை பூலித்தேவர் நின்ற இடத்தில் இன்று கான்சாகிப் நின்றார். மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது.

தூக்குமரம்

1763-ம் ஆண்டு கும்பினிப் படையும் நவாபின் படையும் மதுரையை முற்றுகையிட்டன. மழைக் காலம் வந்ததும் பின்வாங்கின. மறு ஆண்டு மேஜர் காம்பெல் தலைமையில் மீண்டும் வந்தன. 1764-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி நடந்த பெருந்தாக்குதலும் முறியடிக்கப்பட்டது.

பீரங்கி சாதிக்காததைப் பசி சாதித்தது. உணவு வரும் வழிகள் அடைக்கப்பட்டன. கோட்டைக்குள் பஞ்சம் வந்தது, துரோகமும் வந்தது. அக்டோபர் 13-ந் தேதி, தொழுகையில் இருந்த கான்சாகிபைக் கூட இருந்தவர்களே பிடித்துக் கட்டினார்கள். சீனிவாச ராவும், பிரெஞ்சு அதிகாரி மார்ச்சாந்தும் இந்தச் சதியில் முன் நின்றார்கள்.

அக்டோபர் 15-ந் தேதி, நவாபின் உத்தரவுப்படி கான்சாகிப் தூக்கிலிடப்பட்டார். இரண்டு முறை கயிறு அறுந்தது என்றும், மூன்றாம் முறைதான் உயிர் பிரிந்தது என்றும் மக்கள் கதை சொல்கிறார்கள். அவருடைய உடல் துண்டாக்கப்பட்டு வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டது. இறந்த பிறகும் அவ்வளவு பயம்!

மதுரை சம்மட்டிபுரத்தில் அவரது சமாதி இருக்கிறது. நகரில் கான்சாமேட்டுத் தெருவும் கான்பாளையமும் அவர் பெயரைச் சொல்கின்றன.

அவருக்குப் பிறகும் வரி வசூல் நிற்கவில்லை. நவாபின் கடன் வளர்ந்துகொண்டே போயிற்று. 1801-ம் ஆண்டு ஆர்க்காட்டுச் சீமை முழுவதும் கும்பினியாரின் கைக்குப் போயிற்று. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பித் தராத நவாபின் ஆட்சி, அந்தக் கடனிலேயே மூழ்கியது.

கான்சாகிப் வசூலித்த ரூபாய்க் கணக்கு இன்று மக்கள் நினைவில் இல்லை. அவர் வெட்டிய வாய்க்காலையும், விளக்கேற்றிய கோவிலையும் நாடு மறக்கவில்லை. அவர் அழித்த ஊர்களையும் மறக்கவில்லை. வரி வாங்கியவரின் பெயர், அந்த வரி போய்ச் சேர்ந்த இடத்தைப் பொறுத்தே நிற்கிறது.